வெயிலுக்குப் பிடித்துப் பார்த்த கன்னம்

என் இடது கன்னத்தில் ஒரு குழி இருக்கிறது. புளியங்கொட்டையை வைத்தால் விழாமல் நிற்கும். கல்யாண வீடுகளில் போட்டோ பிடிக்கிறவர்கள், "ஆத்தா, மொகத்தச் சித்த அந்தப்பக்கம் திருப்புங்க, வலது கன்னம் தெரியட்டும்" என்பார்கள். நான் திருப்பமாட்டேன். மறைத்து வைக்கிற மாதிரி எந்தக் காரியமும் நான் செய்யவில்லை.

அந்தக் குழியைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேச்சு இருக்கிறது. மாடு முட்டியது என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். அதனால் நானே எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மத்தியானம் பிடிக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சேதியில் கை வைக்க வேண்டாம்.

எங்கள் கொடிக்கால் ஜேடர்பாளையத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், வாய்க்கால் பாய்ச்சலில் இருந்தது. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை வரிசையாக வளர்த்து அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டுவோம். சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். இலை கிள்ளுவது, நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவது, கட்டியதை ஈரச் சாக்குப் போர்த்தி இருட்டறையில் வைப்பது, மறுநாள் சந்தைக்கு ஏற்றுவது. இதுதான் எங்கள் பிழைப்பு.

அதில் என் வேலை இலை பார்ப்பது. அடுக்கும்போது சந்தேகப்பட்ட இலையைக் காம்பில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்குவேன். சும்மா பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். வெயில் உள்ளே பாய்ந்தால் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு பொட்டுத் தெரியும். அப்படிப் பொட்டு விழுந்த ஓர் இலை உள்ளே போனால் போதும், சந்தையில் பிரிக்கும்போது கவுளி முழுக்க அழுகி நாறும். கறுத்த பிறகு கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், மூக்குப் போதும். கறுக்கும் முன்னே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கவுளியை வியாபாரிகள் பிரித்துப் பார்க்காமல் எடுத்தார்கள் என்றால் அது என் கண்ணை நம்பித்தான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பொய்யில்லை.

ஊர் இலையை எல்லாம் பார்த்தவள் என் வாயைப் பார்க்கவில்லை.

பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அன்றிலிருந்து வாயில் வெற்றிலை. கொடிக்காலில் நிற்கும்போது புகையிலைத் துண்டை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் வெயில் ஏறுவதும் தெரியாது, வயிறு காய்வதும் தெரியாது. என் இரண்டாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம், எண்பதுக்குக் கொஞ்சம் முன்போ பின்போ, ரசம் பட்டால் வாய் எரிய ஆரம்பித்தது. வாயை வைக்க முடியாது. நாக்கால் தடவினால் இடது கன்னத்தின் உள்பக்கம் பூனை நாக்கு மாதிரிச் சொரசொரத்தது. எல்லோரும் சுண்ணாம்பு சுட்டது என்றார்கள். நானும் அப்படியே நினைத்து நெய் தடவினேன். நெய்யைத் தடவி அதன் மேலேயே புகையிலையை ஒதுக்கினேன். வலது பக்கம் வைத்தால் ருசி சேரவில்லை. இதுதான் அப்போது இருந்த புத்தி.

நாலைந்து மாசம் போயிருக்கும். பரமத்தி வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் வாய் பார்க்கிற டாக்டர் வருகிறார், காசு கிடையாது என்று மைக் கட்டிய ஜீப் ஒன்று சொல்லிக்கொண்டு போனது. எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வெறும் வாயோடு போவது எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் வழக்கம். ஆகவே கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து நன்றாக மென்று, உதடு சிவக்கச் சிவக்கப் போய் வரிசையில் நின்றேன்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. டாக்டர் பெஞ்சை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார். சின்ன வயசு. நெற்றியில் வார் கட்டி ஒரு வட்டக் கண்ணாடி, நடுவில் ஓட்டை. வெயிலை அந்தக் கண்ணாடியில் வாங்கி ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் திருப்பி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் எனக்கு அந்த ஆள் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. நம் தொழில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, தோட்டத்தையே மென்னுட்டு வந்திருக்கீங்களா?"

"நாலு பேரு இருக்கற எடத்துக்கு வெறும் வாயோட வரமுடியுங்களா சாமி?"

"உங்க மரியாதை சரிதான். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

உறை போட்ட விரலை விட்டுத் துழாவினார். ஆடுகிற பல்லை விட்டுவிட்டு இடது கன்னத்தில் போய் நின்றது விரல். சிரிப்பும் நின்றது. "இங்க கெட்டியா ஏதோ இருக்கு. எவ்வளவு நாளா எரியுது?" என்று கேட்டார். சொன்னேன்.

"அம்மா, இந்தச் சிவப்புல நான் எதையும் பாக்க முடியாது. பத்து நாள் வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, பொகையில ஒண்ணுமே கூடாது. வாய் அதோட சொந்த நெறத்துக்கு வரணும். பதினோராம் நாள் சேலத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதுக்கு அப்புறம் நாலஞ்சு நாள்ல நான் ரெண்டு மாசம் வெளியூர் போறேன்."

"நடுவுல ஒருக்கா போட்டுட்டா?"

"மறுபடியும் முதல்ல இருந்து பத்து நாள்."

"புத்துநோய்ங்களா?"

"பாக்காம சொல்லமாட்டேன்."

இலையைத் தூக்கிப் பார்க்காமல் நானும் சொல்லமாட்டேன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். வெற்றிலைக்காரியைப் பார்த்து வெற்றிலை போடாதே என்கிறானே என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் என்னைவிடக் கோபப்பட்டார்.

"ஏம்புள்ள, கொடிக்கால்காரன் பொண்டாட்டிக்கு வெத்தலை போட்டு வாய் கெட்டுப்போச்சுன்னா சந்தையில என்ற கவுளிய எவன் தொடுவான்?"

"உங்க கவுளி கெடக்குது. என்ற வாய் என்னாகறது?"

"சுண்ணாம்பு சுட்டதுக்கு இத்தன கூத்தா? ஆறாம் நாள் நிச்சயம் வெச்சிருக்குது. அதையாவது நெனச்சுப் பாத்தியா?"

நான் நினைத்துப் பார்க்கவில்லை என்பது உண்மை. நாமக்கல் பக்கம் நல்ல இடம் அமைந்து, நாள் குறித்திருந்தோம். எங்கள் வகையறாவில் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் வெற்றிலை மடித்துப் பெண்ணின் அம்மாவிடம் கொடுப்பாள். அவள் அதை அந்த இடத்திலேயே வாயில் போட்டு மெல்ல வேண்டும். மென்றால் சம்பந்தம் முடிந்தது. கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டால் மனசில்லை என்று அர்த்தம். அப்படி முடிந்து வைத்து, வந்த வண்டி மாட்டை அவிழ்க்காமலே திரும்பிப் போன கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

"ஒரே ஒரு வெத்தலை" என்றார் அவர். "அன்னிக்கு ஒண்ணு போட்டுட்டு மறுபடி பத்து நாள் இருந்துக்க."

"அந்தப் பத்து நாள் முடியறப்ப டாக்டர் இருக்கமாட்டார். அப்பறம் கண்ணாலம் வந்துரும். அப்பறம் தை அறுப்பு வந்துரும். அப்பறம் நான் போவேனுங்களா?"

போகமாட்டேன் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

முதல் இரண்டு நாள் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. தலை வலித்தது. கொடிக்காலுக்குள் போனால் அந்த வாசமே கொன்றது. புளியங்குச்சியைக் கடித்துக்கொண்டு இலை அடுக்கினேன். மூன்றாம் நாள் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு களத்து வெயிலில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். சிவப்பு வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் என் வாயின் நிறத்தை அன்றுதான் பார்த்தேன். இடது கன்னத்தில் பாலாடை ஒட்டிய மாதிரி வெள்ளையாக ஒரு படை. துணியால் துடைத்தேன். போகவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளைகள் டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்தி, கை ரத்தச் சிவப்பாக எரிவதைப் பார்த்து விளையாடும். கை எரிந்தால் கன்னமும் எரியாதா? இலைக்கு வெயில் என்றால் சதைக்கு டார்ச். வெற்றிலை வைக்கிற இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பட்டப்பகலிலும் அதற்குள் கை தெரியாது. டார்ச்சை வெளிப்பக்கமாகக் கன்னத்தில் அழுத்திப் பிடித்து, மறுகையில் கண்ணாடியை வைத்து வாயைத் திறந்தேன்.

வலது கன்னம் உள்ளே செம்பருத்தி மாதிரி எரிந்தது. இடது கன்னமும் எரிந்தது, ஓரிடம் தவிர. மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓரிடம் வெளிச்சத்தை வாங்காமல் மங்கலாக நின்றது.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு விழுந்திருக்குதுங்க" என்றேன்.

எந்த இலையில் என்று அவர் கேட்கவில்லை. கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தார். "நிச்சயம் முடியட்டும் அம்மணி" என்றார். அவர் குரலில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. எனக்கு அவரது கோபத்தோடு சண்டை போட வரும். பயத்தோடு சண்டை போட வரவில்லை. ஆனாலும் சொன்னேன்: "முடியட்டும். ஆனா நான் மெல்லமாட்டேன்."

ஆறாம் நாள் மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம், வந்து இறங்கியது. முப்பது பேருக்குக் குறையாது. பாயை விரித்து, தட்டுகளைப் பரப்பி, பெண்ணை உட்கார வைத்தாயிற்று. வாங்குகிற மாதிரி வாங்கி, வாய்க்குக் கொண்டு போகிற மாதிரிப் பாவனை பண்ணிவிடு என்று என் வீட்டுக்காரர் காலையிலிருந்து காதில் ஓதியிருந்தார். எனக்குப் பாவனை வராது. அதுவும் என் பெண்ணுடைய வாழ்க்கையை ஒரு பொய்யில் ஆரம்பித்து வைக்க எனக்கு மனசில்லை.

சம்பந்தியம்மா கனத்த சரீரம். வாயும் அப்படித்தான். கொழுந்தாக இரண்டு இலை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து, மடித்து நீட்டினார்.

"இந்தாங்க சம்பந்தி. உங்க ஊட்டு வெத்தலைய உங்களுக்கே தாரேன்னு கோவிச்சுக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டில் திருப்பி வைக்கவில்லை, முந்தானையிலும் முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சம்பந்தி, வாங்கிக்கிட்டேன். முழு மனசோட வாங்கிக்கிட்டேன். ஆனா வாயில போடமாட்டேனுங்க. வாய்க்குள்ளார ஒரு புண்ணு இருக்குது. டாக்டர் அதப் பாக்கற வரைக்கும் வாய் சுத்தமா இருக்கோணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. கூட்டத்தில் பின்னால் இருந்து ஒரு பெரியவர், "வெத்தலைக்காரிக்கே வெத்தலை ஆகாதாமா! அப்ப மீன்காரி மூக்கப் புடிச்சுக்குவாளா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். என் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். "புண்ணுன்னா சோறு திங்கறீங்கல்ல? ஒரு வெத்தலையா கொல்லப்போகுது? புடிக்கலைன்னா நேரா சொல்லிப்போடுங்க. நாங்களும் வெயிலுக்கு முந்தி ஊடு போய்ச் சேரலாம்."

"புடிக்கலைன்னா நான் நேராத்தான் சொல்லியிருப்பனுங்க. புண்ணு இருக்குதுன்னு முப்பது பேரு முன்னால சொல்றவ, அதச் சொல்லவா பயப்படுவேன்?"

"இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. யாரு கண்டா?"

எனக்கு எங்கிருந்து அந்த வீறாப்பு வந்ததோ தெரியாது. எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "வாங்க, காட்டறேன்" என்றேன்.

"எங்க?"

"வெத்தலை ரூமுக்கு."

முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே டார்ச் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை என் கன்னத்தில் அழுத்தி வாயைத் திறந்து அவர் பக்கம் திரும்பினேன். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அய்யோ, வாய்க்குள்ள அடுப்பு எரியறாப்பல இருக்குது" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தபடியே இருந்ததால் பேச முடியவில்லை. விரலால் மட்டும் காட்டினேன்.

பார்த்துவிட்டார் என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

டார்ச்சை அணைத்தேன். சுற்றி ஈரச் சாக்கு வாசமும் வெற்றிலை வாசமும். வெளியே யாரோ இருமினார்கள்.

"எத்தன வருசமா போடறீங்க?" என்று கேட்டார்.

"பதினாறு வயசுல இருந்து."

"நான் பதினாலுல இருந்து" என்றார். குரலைத் தாழ்த்தி, "என்றதையும் சித்த பாருங்க சம்பந்தி" என்றார்.

மூலையில் இருந்த படிக்கத்தில் துப்பிவிட்டு, செம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். நான் அவர் கன்னத்தில் டார்ச்சை அழுத்தினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கும் மங்கல் இல்லை. "பொட்டு இல்லீங்க. சுத்தமா இருக்குது" என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அப்போது நினைக்கவில்லை. அது நான் செய்த தப்பு. பின்னால் சொல்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். அத்தனை கண்ணும் எங்கள் மேல். சம்பந்தியம்மா நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தார். என்னிடம் கையை நீட்டினார். என் கையில் இருந்த மடித்த வெற்றிலையைக் கொடுத்தேன். பிரித்து, உள்ளே இருந்த புகையிலையை எடுத்து வெளியே எறிந்தார். மீதியை மடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி பங்கையும் நானே மென்னுட்டேன். கண்ணாலம் நிச்சயம். எவனாச்சும் வழக்கத்தக் கேக்கறவன் இருந்தா இப்பக் கேட்டுக்கங்க."

மீன்காரிப் பெரியவர் மட்டும் வாயைத் திறந்தார். "நீ சித்த வாய மூடு மாமா, இல்லைன்னா உன்ற வாய்க்குள்ளயும் லைட் அடிச்சுப்போடுவாங்க" என்றார் சம்பந்தியம்மா. சிரிப்பு வெடித்தது. என் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

பதினோராம் நாள் விடிந்ததும் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர், இலை கிள்ளுகிற நாள், வரமுடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து ஏறி உட்கார்ந்தேன். நாமக்கல்லில் சேலம் பஸ் மாறுவதற்கு இறங்கினால், பின் படியில் அவரும் இறங்குகிறார். கக்கத்தில் குடை.

"எங்கீங்க?"

"சேலத்துல ஒரு சோலி."

"என்ன சோலி?"

"உன்ற சோலிதான், வேறென்ன. பேசாம வா."



ஆஸ்பத்திரியில் அதே டாக்டர், அதே வட்டக் கண்ணாடி. இந்தத் தடவை பக்கத்தில் பெரிய விளக்கு. வாயைத் திறந்ததும், "அம்மா, சொன்னபடி செஞ்சுட்டீங்களே! பத்துப் பேர்ல ஒருத்தர்கூடச் செய்யறதில்ல" என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் அந்த இடத்தில் பஞ்சால் ஒரு நீல மருந்தைத் தடவினார். கொப்பளிக்கச் சொன்னார். மறுபடி தடவித் துடைத்தார். பிறகு என் கையில் கண்ணாடியைக் கொடுத்து விளக்கைத் திருப்பினார். எல்லா இடத்திலும் நீலம் போய்விட்டது. வெள்ளைப் படையின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் போகவில்லை. நான் டார்ச்சில் பார்த்த அதே இடம்.

அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார். காம்போடு இலை கிள்ளுகிற மாதிரிச் சின்னக் கிள்ளல்தான். அதைச் சோதித்துச் சொல்ல நாலு நாள் ஆயிற்று. அவர் வெளியூர் போவதற்கு முதல் நாள் போய் நின்றோம். நேராகச் சொன்னார். "கேன்சர்தான். ஆனா இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. கழுத்துல எங்கயும் நெறி கட்டல. வெட்டி எடுத்துடலாம்."

"அழுகலீங்க, பொட்டுதானுங்களே?" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. இலையைப் பற்றியும், டார்ச்சைப் பற்றியும் சொன்னேன். ஆச்சரியப்பட்டு மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். மெச்சினார். உடனே முகம் மாறியது.

"இதே மாதிரி வேற யார் வாயையாவது பாத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?"

"சம்பந்தியம்மாளப் பாத்துச் சொன்னனுங்க."

"தப்பும்மா. உங்களுக்கு அந்த இடம் தடிச்சிருந்ததால நெழல் தெரிஞ்சுது. தடிக்காமலே வரலாம். நாக்குக்கு அடியில, உதட்டுக்கு உள்ள வரலாம். அங்க உங்க டார்ச் ஒண்ணும் சொல்லாது. சந்தேகத்துக்குத்தான் வீட்டு வெளிச்சம். நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு இல்ல. எனக்கே இந்த நீலமும் வெளிச்சமும் இடத்தைத்தான் காட்டும். முடிவு சதையைச் சோதிச்சாத்தான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் கண்ணைப் பற்றி ஒருவர் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். பொட்டு இல்லாத இலை என்று நான் அடுக்கியதில் ஒன்றிரண்டு எப்போதாவது அழுகியிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அறுவைக்கு முன்னால் நாமக்கல்லில் இறங்கிச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். "நான் சொன்னது செல்லாதுங்க. டாக்டர்கிட்டக் காட்டோணும்" என்றேன். "அன்னிக்கு இருட்டுல இழுத்துக்கிட்டுப் போனீங்க, இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கறீங்க. பொண்ணு எடுத்த பாவத்துக்கு இன்னும் எங்கெங்க வாயத் தொறக்கோணுமோ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். வேறொரு டாக்டர் பார்த்தார். கீழுதட்டின் உள்பக்கம் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. என் டார்ச்சுக்குத் தெரியாத இடம். புகையிலையையும் பாக்கையும் விட்டால் தடம் போய்விடலாம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார். விட்டார். போய்விட்டது. அந்த மூன்று மாசமும் அவர் என்னைத் திட்டாத நாளில்லை என்று என் பெண் சொல்வாள்.

எனக்கு வெட்டி எடுத்தார்கள். தையல் போட்டார்கள். ஒரு மாசம் கஞ்சிதான். கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது. கல்யாணத்துக்குள் ஆறிவிட்டது, ஆனால் குழி நின்றுவிட்டது. மணவறையில் பெண்ணின் அம்மா குழியோடு நிற்பதா என்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். முன்வரிசையில், வெறும் வாயோடு நின்றேன். இழவு வீட்டு வாய் என்று எவளாவது சொல்லட்டும் என்று பார்த்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை.

சந்தையில் என் வீட்டுக்காரர் பயந்த மாதிரியே பேச்சு வந்தது. நானே இரண்டு வாரம் கவுளியோடு போய் நின்றேன். "என்ன வேணுமோ என்னையக் கேளுங்க" என்றேன். கேட்டார்கள், சொன்னேன், கன்னத்தைக் காட்டினேன். புகையிலையை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் வாயைத் திறக்கச் சொன்னேன். வெள்ளையோ, ஆறாத புண்ணோ, சொரசொரப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இல்லாவிட்டாலும் போகச் சொன்னேன். சுத்தமாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. போடாதே என்று சொல்லிக்கொண்டே வெற்றிலை விற்கிறாயே என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. பாதிக் கொடிக்காலை வாழையாக்கினோம். மீதி இலை சாமிக்கும் சீர்த்தட்டுக்கும் போகட்டும் என்று வைத்துக்கொண்டோம். யார் வாய்க்குப் போனது என்று நான் பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது.

இன்றும் வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். போன தடவை ஒரு சின்னப் பெண் டாக்டர், அறையை இருட்டாக்கி, ஊதா வெளிச்சம் வருகிற கருவி ஒன்றை வாய்க்குள் காட்டினார். அதில் பிடித்த படத்தைத் திரையில் போட்டார். நல்ல சதை அதில் பச்சையாகத் தெரியுமாம், கெட்ட இடம் கறுப்பாகத் தெரியுமாம். என் வாய் முழுக்கப் பச்சை. வெயிலுக்குப் பிடித்த இலைதான். நடுவில் தையல் போட்ட தழும்பு நரம்பு மாதிரி ஓடியது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க பாட்டி, இது இடத்தைக் காட்டற வெளிச்சம்தான், விரலாலயும் தடவிப் பாத்துட்டேன்" என்றார் அந்தப் பெண்.

"தெரியும் சாமி. உள்ளார படம் புடிச்சீங்கல்ல? வெளியவும் ஒண்ணு புடிங்க" என்றேன்.

"எதுக்கு பாட்டி?"

"ஒளிச்சு வெக்கறவங்க வந்தா காட்டறதுக்கு."

அந்தப் பெண் கருவியைத் தூக்கினார். நான் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன்.